30 வயதைத் தாண்டிய ‘டூம்’ லினக்ஸில் ஒரே கட்டளையில் ஓடுவது எப்படி? டெபியன் பேக்கேஜுக்குப் பின்னால் இருக்கும் வேலை

சோர்ஸ் கோடைத் திறந்துவிட்டாலே ஒரு மென்பொருள் சாகாது என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் செய்பவர்கள், பெயர் வெளியே தெரியாத பேக்கேஜ் பராமரிப்பாளர்கள்.

டெபியன் லினக்ஸ் இருக்கும் ஒரு கணினியில் டெர்மினலைத் திறந்து, ‘சாக்லேட் டூம்’, ‘ஃப்ரீடூம்’ என்ற இரண்டு பேக்கேஜ்களை நிறுவச் சொல்லி ஒரு வரி தட்டினால் போதும். சில நிமிடங்களில், 1993-ல் உலகையே கட்டிப்போட்ட ‘டூம்’ விளையாட்டின் எஞ்சின் உங்கள் திரையில் ஓட ஆரம்பித்துவிடும். காசு கொடுக்க வேண்டாம். திருட்டு நகலும் கிடையாது. என்ன ஏதென்றே தெரியாத ஒரு தளத்திலிருந்து கோப்பை இறக்கி, வைரஸ் இருக்குமோ என்று பயப்படவும் வேண்டாம்.

‘இதில் என்ன ஆச்சரியம்? டூம் சோர்ஸ் கோடைத்தான் 1997-லேயே வெளியிட்டுவிட்டார்களே’ என்று கேட்கலாம். ஆனால், அன்று வந்த கோடை அப்படியே எடுத்து இன்றைய கணினியில் கம்பைல் செய்தால் ஒழுங்காக ஓடாது. அதை ஓட வைத்துவிட்டாலும், அன்றைய உரிமத்தோடு டெபியன் அதைத் தன் முதன்மைப் பிரிவில் சேர்க்கவே முடியாது. அந்த இரண்டு தடைகளையும் தாண்டித்தான் ‘ஒரே கட்டளை’ என்ற நிலைக்கு டூம் வந்திருக்கிறது.

எப்படி? கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

எஞ்சின் வேறு, விளையாட்டு வேறு

முதலில் ஒரு அடிப்படை. நாம் ‘டூம்’ என்று சொல்வது உண்மையில் இரண்டு பொருட்கள்.

ஒன்று, எஞ்சின். சுவரை எப்படி வரைவது, துப்பாக்கி வெடித்தால் என்ன நடக்க வேண்டும், அரக்கன் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதையெல்லாம் கணக்குப் போடும் புரோகிராம். சி மொழியில் எழுதப்பட்டது.

இன்னொன்று, டேட்டா. வரைபடங்கள், அரக்கர்களின் படங்கள், சத்தம், இசை எல்லாம் ‘வாட்’ என்ற வகைக் கோப்பு ஒன்றுக்குள் மூட்டை கட்டி வைக்கப்பட்டிருக்கும்.

நம்ம ஊர் மாவு மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின்தான் மில். டேட்டாதான் அரிசி. மில் எவ்வளவு நன்றாக ஓடினாலும், அரிசி போடாவிட்டால் மாவு வராது. டூமை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் இரண்டையும் தனித்தனியாக வைத்தது. அதனால்தான் ரசிகர்கள் எஞ்சினைத் தொடாமலேயே புதுப் புது வரைபடங்களை உருவாக்க முடிந்தது. பின்னாளில் எஞ்சினின் கோடை மட்டும் தனியாக வெளியிட முடிந்ததும் இதனால்தான்.

1997-ல் என்ன நடந்தது?

1997 டிசம்பரில், ஐடி சாஃப்ட்வேரின் முதன்மை புரோகிராமர் ஜான் கார்மாக், டூம் எஞ்சினின் சோர்ஸ் கோடை வெளியிட்டார். விற்பனையில் ஓடிய ஒரு விளையாட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை எல்லோருக்கும் திறந்து காட்டியது அன்றைக்குப் பெரிய விஷயம்.

ஆனால், அதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, வெளியானது லினக்ஸ் வடிவத்தின் கோட். மக்கள் அதிகம் விளையாடிய டாஸ் வடிவத்தின் கோட் அல்ல. காரணம், டாஸ் வடிவத்தில் சத்தத்துக்காகப் பயன்படுத்திய லைப்ரரி வேறொருவருக்குச் சொந்தமானது. அதை வெளியிடும் உரிமை ஐடி சாஃப்ட்வேருக்கே இல்லை. அந்த லைப்ரரியைப் பயன்படுத்தியது தவறு என்று கோடோடு வந்த குறிப்பில் கார்மாக்கே எழுதியிருந்தார்.

இரண்டாவது, உரிமம். 1997-ல் வந்த கோடை லாப நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். 1999-ல்தான் அது ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றப்பட்டது. அதன் பிறகே யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம், ஆனால் கொடுக்கும்போது சோர்ஸ் கோடையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்தது.

டேட்டா? அது இரண்டு முறையும் திறக்கப்படவில்லை. படங்கள், இசை, வரைபடங்கள் இன்றும் நிறுவனத்தின் சொத்துதான். மில்லை ஊருக்கு எழுதிக் கொடுத்தார்கள், அரிசியை அல்ல.

டெபியன் ஏன் இவ்வளவு கறார்?

டெபியன் 1993 ஆகஸ்ட்டில் இயன் மர்டாக் தொடங்கிய லினக்ஸ் விநியோகம். அதே ஆண்டு டிசம்பரில்தான் டூம் வந்தது. 1997-ல் டெபியன் சமூகம் தனக்கென ஒரு சமூக ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. எது கட்டற்ற மென்பொருள், எது இல்லை என்பதற்கான விதிகள் அதில் இருக்கின்றன. ‘இந்த வேலைக்குப் பயன்படுத்தலாம், அந்த வேலைக்குக் கூடாது’ என்று உரிமம் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதில் ஒன்று. லாப நோக்கில் பயன்படுத்தக் கூடாது என்ற டூமின் முதல் உரிமம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இந்த விதிகளை வைத்து டெபியன் தன் பேக்கேஜ்களைப் பிரிக்கிறது. விளையாட்டு எஞ்சின்களைப் பொறுத்தவரை மூன்று பிரிவுகள் முக்கியம்.

மெயின்: முழுக்க முழுக்கக் கட்டற்றவை. அவற்றை ஓட்டுவதற்குக் கட்டற்றது அல்லாத வேறெதுவும் தேவைப்படக் கூடாது. அதிகாரப்பூர்வமாக ‘டெபியன்’ என்றால் இது மட்டும்தான்.

கான்ட்ரிப்: தான் கட்டற்றதாக இருந்தாலும், ஓடுவதற்குக் கட்டற்றது அல்லாத வேறொன்றை நம்பியிருப்பவை.

நான்-ஃப்ரீ: விநியோகிக்க அனுமதி உண்டு, ஆனால் விதிகளுக்குள் வராதவை.

இப்போது ஜிபிஎல் உரிமம் பெற்ற டூம் எஞ்சினை எங்கே வைப்பது? எஞ்சின் கட்டற்றது. ஆனால், அதை ஓட்ட வேண்டும் என்றால் காசு கொடுத்து வாங்கிய வாட் கோப்பு தேவை. அப்போ இடம் கான்ட்ரிப்தான். டூமின் முதல் அத்தியாயத்தில் உள்ள 9 கட்டங்களை இலவச மாதிரியாகப் பகிர ஐடி சாஃப்ட்வேர் அனுமதித்திருந்தது. அந்தக் கோப்பும் டெபியனில் இருக்கிறது. ஆனால், அதைத் திருத்த அனுமதி இல்லை என்பதால் நான்-ஃப்ரீ பிரிவில்.

எஞ்சினுக்கு மெயினில் இடம் வேண்டும் என்றால், யாராவது கட்டற்ற அரிசியை விளைவித்துத் தர வேண்டும்.

ஃப்ரீடூம்: ஒவ்வொன்றாக மாற்றி வரைந்த கதை

அந்த வேலையைத்தான் 2001-ல் தொடங்கிய ஃப்ரீடூம் திட்டம் செய்தது. டூம் எஞ்சின் எதிர்பார்க்கும் ஒவ்வொரு படத்துக்கும், ஒவ்வொரு சத்தத்துக்கும், ஒவ்வொரு கட்டத்துக்கும் புதிதாக ஒன்றைத் தன்னார்வலர்கள் உருவாக்கினார்கள். சாதாரண ரசிகர் வரைபடம் போடுகிற வேலை மாதிரி இல்லை இது. அசல் டூமின் படத்தை எடுத்து நிறம் மாற்றி வைத்தால்கூட அது அசலின் வழிப் படைப்பு ஆகிவிடும், கட்டற்றதாக இருக்காது. அதனால் எல்லாமே புதிதாகத் தொடங்கப்பட வேண்டும். அதே சமயம், எஞ்சின் கேட்கும் பெயரில், கேட்கும் இடத்தில் அது இருக்கவும் வேண்டும்.

விளைவு, பிஎஸ்டி உரிமத்தில் கிடைக்கும் முழு விளையாட்டு. இது மெயினுக்குள் வந்ததும், டூம் எஞ்சின்களுக்கும் மெயின் கதவு திறந்தது.

டெபியன் இதற்கு ஒரு அழகான ஏற்பாடும் வைத்திருக்கிறது. ‘டூம்-எஞ்சின்’, ‘டூம்-வாட்’ என்று இரண்டு மெய்நிகர் பேக்கேஜ் பெயர்கள். அந்தப் பெயர்களில் உண்மையில் எந்தக் கோப்பும் இல்லை. ‘ஏதாவது ஒரு டூம் டேட்டா இருந்தால் போதும்’ என்று எஞ்சின் பேக்கேஜ் சொல்லும். அது ஃப்ரீடூமாக இருக்கலாம், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அசலாகவும் இருக்கலாம்.

பேக்கேஜ் எப்படி உருவாகிறது?

சரி, உரிமச் சிக்கல் தீர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன?

யாராவது ஒருவர், ‘இதை நான் பேக்கேஜ் செய்யப் போகிறேன்’ என்று டெபியனின் பிழைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஒரே வேலையை இரண்டு பேர் செய்து வீணாக்கிவிடக் கூடாது என்பதற்காக.

பிறகு, சோர்ஸ் கோடுக்குள் ‘டெபியன்’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டர். அதற்குள் சில கோப்புகள். பேக்கேஜின் பெயர் என்ன, அதற்கு வேறு எந்தெந்தப் பேக்கேஜ்கள் தேவை, எப்படிக் கம்பைல் செய்வது, போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு.

இதில் அதிகம் நேரம் தின்னும் கோப்பு எது தெரியுமா? காப்புரிமைக் கோப்பு. நிலம் வாங்கும்போது மூலப்பத்திரம், வில்லங்கம் எல்லாம் பார்ப்போம் அல்லவா? அதே மாதிரி, சோர்ஸில் உள்ள கோப்புகளை யார் எழுதியது, எந்த உரிமத்தில் கொடுத்தார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். பழைய விளையாட்டு எஞ்சின்களில் இது தலைவலி. 20 ஆண்டுகளில் பல கைகள் மாறியிருக்கும். யாரோ ஒருவர் வேறெங்கிருந்தோ ஒரு ஐகானையோ, சத்தக் கோப்பையோ கொண்டுவந்து போட்டிருப்பார். அதற்கு உரிமம் தெளிவாக இல்லை என்றால், அதை வெட்டி எடுத்துவிட்டுத்தான் மேலே போக முடியும்.

புதிதாக வரும் எந்தப் பேக்கேஜும் நேரடியாகக் களஞ்சியத்துக்குள் போய்விடாது. காத்திருப்பு வரிசையில் நிற்கும். டெபியனின் களஞ்சியக் குழுவினர் உரிமங்களைச் சரிபார்த்த பிறகே அனுமதி. டெபியன் உறுப்பினர் அல்லாத புதியவர் ஒருவர் செய்தால், உறுப்பினர் ஒருவர் அதைப் பார்த்துப் பொறுப்பேற்று ஏற்ற வேண்டும்.

உள்ளே வந்ததும், தானியங்கி இயந்திரங்கள் அதை டெபியன் ஆதரிக்கும் வன்பொருள் வகைகளுக்கெல்லாம் தனித்தனியாகக் கம்பைல் செய்யப் பார்க்கும். அந்தப் பட்டியலில் நம் லேப்டாப் சிப்கள் மட்டுமல்ல, ஐபிஎம் மெயின்ஃபிரேமும் இருக்கிறது. மெயின்ஃபிரேமில் யார் டூம் விளையாடப் போகிறார்கள் என்று சிரிக்கலாம். ஆனால், அந்த இயந்திரம் எண்களின் பைட்டுகளை நம் கணினிக்கு நேர் எதிரான வரிசையில் வைக்கும். ஒரு வன்பொருளில் தெரியாமல் ஒளிந்திருக்கும் பிழை, இன்னொன்றில் பளிச்சென்று வெளியே வரும். இந்த விஷயத்தில் டூம் கொஞ்சம் கொடுத்துவைத்தது. அதை உருவாக்கியதே நெக்ஸ்ட் கணினிகளில். விற்றது டாஸ் கணினிகளுக்கு. அதனால் பைட் வரிசையை மாற்றிப் படிக்கும் வழி கோடுக்குள் முதலிலேயே இருந்தது.

பழைய கோடில் என்னதான் உடைகிறது?

‘கோட் மாறவே இல்லையே, அப்புறம் எப்படிக் கெடும்?’ என்று தோன்றும். கோட் மாறவில்லை, உண்மைதான். அதைச் சுற்றியுள்ள உலகம் மாறிவிட்டது. 1997 டூம் கோடிலிருந்தே நான்கு உதாரணங்கள்.

திரை: அந்த லினக்ஸ் வடிவம், 256 நிறங்கள் மட்டுமே காட்டும் திரை அமைப்பை எதிர்பார்த்தது. இன்றைய டெஸ்க்டாப்களில் அப்படி ஒரு அமைப்பு வழக்கத்தில் இல்லை. எஞ்சின் ‘எனக்கு இது வேண்டாம்’ என்று சொல்லி நின்றுவிடும்.

சத்தம்: ஒலிக்கென்று தனியாக ஒரு குட்டி புரோகிராம் ஓடி, அன்றைய லினக்ஸின் ஒலிச் சாதனக் கோப்பில் நேரடியாக எழுதும். லினக்ஸின் ஒலி அமைப்பு அதற்குப் பிறகு ஆல்சா, பல்ஸ்ஆடியோ, பைப்வயர் என்று மாறிக்கொண்டே வந்துவிட்டது.

64 பிட்: இதுதான் நுணுக்கமானது. சுவர்ப் படங்களைப் பற்றிய விவரம் வாட் கோப்பில் ஒரு குறிப்பிட்ட அமைப்பில் இருக்கும். அதில் 4 பைட் அளவுள்ள ஒரு இடம் பயன்பாட்டிலேயே இல்லை. கோடிலும் ‘வழக்கொழிந்தது’ என்று குறித்திருக்கிறார்கள். ஆனால், அந்த இடத்தைக் கோடில் ஒரு பாயின்டராக அறிவித்திருந்தார்கள். 32 பிட் கணினியில் பாயின்டரின் அளவு 4 பைட். கச்சிதமாகப் பொருந்தியது. 64 பிட்டில் அது 8 பைட். அவ்வளவுதான், அதற்குப் பின்னால் உள்ள எல்லா விவரமும் 4 பைட் தள்ளிப் போய்விடும். யாருமே பயன்படுத்தாத ஒரு இடம், மொத்த விளையாட்டையும் கவிழ்த்துவிடுகிறது.

கம்பைலர்: டூம் கோடில் ‘உண்மை’, ‘பொய்’ என்பதைக் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களைத் தாங்களாகவே வரையறுத்துக்கொண்டார்கள். அன்றைய சி மொழியில் அவை இல்லை. 2025-ல் வெளியான ஜிசிசி 15 கம்பைலர், சி மொழியின் புதிய தரத்தை இயல்பாக எடுத்துக்கொள்கிறது. அந்தத் தரத்தில் அந்த இரண்டு சொற்களும் மொழிக்கே சொந்தமானவை. ‘இதை நீ வரையறுக்க முடியாது’ என்று கம்பைலர் நிறுத்திவிடும். 1993-ல் எழுதிய ஒரு வரி, 30 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து முதல் முறையாகப் பிழையாகிறது!

இந்த மாதிரி ஓட்டைகளை அடைக்கத்தான் ‘போர்ட்’ எனப்படும் புதுப்பிப்புகள். 2005-ல் சைமன் ஹோவர்ட் தொடங்கிய சாக்லேட் டூம் அதில் ஒன்று. திரைக்கும் ஒலிக்கும் எஸ்டிஎல் என்ற பொதுவான லைப்ரரியை அது பயன்படுத்துகிறது. எஸ்டிஎல் மாறும்போது அதுவும் மாற வேண்டும். 2017-ல் இரண்டாம் பதிப்புக்கு மாறியது.

சாக்லேட் டூமின் கொள்கை கொஞ்சம் வித்தியாசமானது. பழைய டாஸ் டூம் எப்படி நடந்துகொண்டதோ, அதன் பிழைகள் உட்பட, அப்படியே நடக்க வேண்டும். காரணம் இருக்கிறது. டூமில் ஒருவர் விளையாடியதைப் பதிவு செய்தால், அது வீடியோவாகச் சேமிக்கப்படுவதில்லை. நொடிக்கு 35 முறை என்னென்ன அசைவு செய்தார் என்ற பட்டியல் மட்டுமே சேமிக்கப்படும். எஞ்சினின் கணக்கு எங்கேயாவது இம்மியளவு மாறினாலும், பழைய பதிவில் வீரர் சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்பார். எனவே, பழசைச் சரிசெய்ய வேண்டும், ஆனால் பழைய நடத்தையை மாற்றக் கூடாது.

ஒரே எஞ்சினை ஏன் பகிர வேண்டும்?

எஞ்சினைத் தனி பேக்கேஜாக வைப்பது வெறும் ஒழுங்குக்காக மட்டும் இல்லை. பாதுகாப்புக்கும்தான். இதற்கு டூமின் தம்பி என்று சொல்லத்தக்க ‘குவேக் 3’ நல்ல உதாரணம்.

2005-ல் அதன் சோர்ஸும் ஜிபிஎல் உரிமத்தில் வந்தது. அதிலிருந்து ‘ஐஓகுவேக்3’ என்ற எஞ்சின் உருவானது. கட்டற்ற டேட்டாவோடு ‘ஓப்பன் அரீனா’ என்ற விளையாட்டும் வந்தது. ஓப்பன் அரீனாவுக்கென்று தனியாக ஒரு எஞ்சின் நகலை வைத்துக்கொள்ளாமல், ஐஓகுவேக்3-ஐயே அது பயன்படுத்தும்படி டெபியன் அமைத்தது.

2017 மார்ச்சில் அந்த எஞ்சினில் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. இணையத்தில் ஒரு சர்வரோடு இணையும்போது, தேவைப்படும் கோப்புகளை எஞ்சின் தானாக இறக்கிக்கொள்ளும் வசதி உண்டு. கெட்ட நோக்கமுள்ள சர்வர் அந்த வழியாக ஒரு கோப்பை அனுப்பி, உங்கள் கணினியில் தன் கோடை ஓட்ட முடியும். அதே கோடிலிருந்து பிரிந்த மற்ற எஞ்சின்களுக்கும் அதே ஆபத்து. ஆளுக்கொரு நகல் வைத்திருந்தால் ஒவ்வொன்றையும் தேடித் தேடித் திருத்த வேண்டும். பகிர்ந்த எஞ்சினாக இருந்தால், ஒரு பேக்கேஜைத் திருத்தினால் அதை நம்பியிருக்கும் எல்லாமே சரியாகிவிடும்.

பழைய விளையாட்டுதானே, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட முடியாது. இணையத்தோடு பேசும் பழைய புரோகிராம், பூட்டு துருப்பிடித்த கதவு மாதிரி.

நான் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு?

பலரிடம் அசல் சிடி இருக்கும். இப்போது டிஜிட்டல் கடைகளில் வாங்கியவர்களும் உண்டு. அவர்களுக்காக டெபியனில் ‘கேம் டேட்டா பேக்கேஜர்’ என்ற கருவி இருக்கிறது. உங்களிடம் உள்ள டேட்டா கோப்பைக் காட்டினால், அது சரியான பதிப்புதானா என்று சரிபார்த்து, உங்கள் கணினியிலேயே ஒரு டெபியன் பேக்கேஜாகக் கட்டிக் கொடுத்துவிடும். டெபியன் அந்த டேட்டாவை யாருக்கும் விநியோகிப்பதில்லை. மில் அவர்களுடையது, அரிசி உங்களுடையது. அடுத்த முறை கணினி மாற்றினாலும், அந்த பேக்கேஜை நிறுவினால் போதும்.

விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, நிறுவனம் சர்வரை மூடியதும் கையைப் பிசைந்து நிற்கும் காலம் இது. அந்தச் சூழலில், 1993-ல் வாங்கிய ஒரு வாட் கோப்பு இன்றும் வேலை செய்கிறது என்பது சாதாரண விஷயமில்லை.

நமக்கு இதில் என்ன?

டெபியனில் நடக்கும் வேலை டெபியனோடு நிற்பதில்லை. உபுண்டு தன் பேக்கேஜ்களில் பெரும்பகுதியை டெபியனிடமிருந்துதான் எடுக்கிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்ந்து வந்ததே, அதேதான்.

2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13-ல் சுமார் 70 ஆயிரம் பேக்கேஜ்கள் இருக்கின்றன. இதைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும். அதற்குள் கம்பைலர் மாறும், லைப்ரரி மாறும். ஒரு பேக்கேஜ் கம்பைல் ஆகாமல் போய், அதைச் சரிசெய்ய ஆள் இல்லை என்றால், அடுத்த பதிப்பிலிருந்து அது சத்தமில்லாமல் நீக்கப்படும். சோர்ஸ் கோட் இணையத்தில் எங்கேயாவது இருக்கும்தான். ஆனால், சாதாரணப் பயனர் ஒருவருக்கு அது இல்லாததற்குச் சமம்.

இந்த வேலையில் சேர விரும்புவோர், முதல் நாளே புதிய பேக்கேஜ் உருவாக்க வேண்டும் என்பதில்லை. டெபியனில் விளையாட்டுகளுக்கென்றே ஒரு குழு இருக்கிறது. கவனிப்பார் இல்லாத பேக்கேஜ்களின் பட்டியலும் பொதுவெளியில் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள ஒரு பழைய விளையாட்டை நிறுவி, ஓட்டிப் பார்த்து, எங்கே நிற்கிறது என்று தெளிவாக ஒரு பிழைப் பதிவு எழுதினால் அதுவே நல்ல தொடக்கம். சி மொழி படிக்கும் மாணவர்களுக்கு, பாயின்டரின் அளவு ஏன் முக்கியம் என்பதை டூமை விடச் சுவாரசியமாகச் சொல்லித்தரும் பாடம் கிடைப்பது கஷ்டம்!